கலி பவுசரைக் கூப்பிடமுதல் கேட்கவேண்டிய கேள்வி

எங்கள் கடைக்குக் கலி, அதாவது மலசலகூடக் குழியில் சேர்கிற கழிவு, எடுக்க வருகிற நீலப் பவுசரைப் பற்றி எழுதும்படி ஏ9 வீதியில் கடையும் விடுதியும் வைத்திருக்கிற சிலர் கேட்டிருந்தார்கள். கேட்டது நல்லது. சாப்பாட்டுக்கடை, தையற்கடை, போன் திருத்துகிற இடம் என்று எல்லாவற்றைப் பற்றியும் ஆட்கள் எழுதுகிறார்கள். மலசலகூடக் குழி எடுக்கிறவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. குழி நிரம்பி, கொமட்டில் தண்ணீர் இறங்காமல் நின்று, முற்றத்தில் நாற்றம் எழும்பின பிறகுதான் நம்பர் தேடி ஓடுப்பட்டுத் திரிவோம். அந்த அந்தரத்தில் எப்போது வருவீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள் என்ற இரண்டு கேள்விதான் வாயில் வரும். எடுத்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்ற மூன்றாவது கேள்வியை முதலாவதாகக் கேட்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பவுசருக்கு நான் நல்ல பெயர் கொடுப்பதும் அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருப்பதால்தான்.

அவசரமாக வாசிக்கிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். வேலை திறம். விலை மற்றவர்களை விடக் கூட. மாரி தொடங்கினால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். போன் எடுக்கிற விதத்தில் எனக்குத் திருப்தி இல்லை. அப்படியிருந்தும் நான் வேறு ஆளைக் கூப்பிடுவதில்லை.

எங்கள் இடம் மாங்குளத்துக்குத் தெற்கே, ரோட்டோரம். பின்வளவால் இறங்கி நடந்தால் கனகராயன் ஆறு. யாழ்ப்பாணம், கொழும்பு பஸ்களும் வான்களும் சாப்பாட்டுக்கு நிற்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மடுத் திருவிழாக் காலத்திலும் இரவு பகல் என்றில்லாமல் சனம். சாப்பிடாதவர்களும் மலசலகூடத்துக்கு வருவார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. அவ்வளவு தூரம் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகளிடம் இதற்கு எப்படிக் காசு கேட்பது? ஆனால் அத்தனை பேரின் கழிவும் எங்கள் வளவுக்குள்தான் இறங்குகிறது. கிணறும் அதே வளவுக்குள்தான் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறு வேகிறது.

கிணறு அப்பா வெட்டியது. இடம்பெயர்ந்துபோய் 2010 இல் திரும்பி வந்தபோது முதல் வேலையாக அதை இறைத்துத் துப்புரவாக்கினோம். கடை கட்டியபோது கழிவுத் தாங்கியையும் உறிஞ்சுகுழியையும் கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கமாகக் கட்டுவித்தோம். மேசன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பைப் மிச்சம் என்றார், நான் விடவில்லை. எங்கள் பக்கம் அடியில் கருங்கல். கல்லில் வெடிப்பு இருந்தால் அதுவே தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் உரமும் மலக்குழித் தண்ணீரும் இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்று ஏறின கதையை அறியாதவர் இல்லை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது நிறமோ மணமோ இல்லாதது, கொதிக்க வைத்தாலும் போகாது. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அதில் ஆபத்து அதிகம்.

சரி, பவுசருக்கு வருகிறேன்.

வருகிற நாளில் காலையிலேயே வந்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டுக்கடையில் மூடி திறக்கமாட்டோம் என்று சாரதித் தம்பி முதல் தரமே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் எனக்குப் பிடித்துக்கொண்டது. சாரதியோடு இன்னும் இருவர். தாங்கியில் இரண்டு மூடி உண்டு, இரண்டையும் கிளப்பி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்பார்கள். உள்ளே மெதேனும் ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்திருக்கும், அது வெளியேற வேண்டும். கிட்ட நின்று பீடி பற்ற வைக்கவும் விடமாட்டார்கள், குனிந்து எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். குழிக்குள் இறங்கி ஒருவர் மயங்க, அவரைத் தூக்கப் போன மற்றவரும் செத்த செய்திகளை எத்தனை தரம் பேப்பரில் வாசித்திருக்கிறோம்! இவர்கள் எந்தக் காரணத்துக்கும் உள்ளே இறங்குவதில்லை.

அடுத்தது தடி. நீளமான பி.வி.சி. பைப் ஒன்றின் அடிப்பாதியில் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, மெதுவாக அடிவரைக்கும் இறக்கி, சிறிது நேரம் பிடித்திருந்து, அதே மெதுவாக மேலே எடுத்தார்கள். துணியின் கீழ்ப்பக்கம் கன்னங்கரேலென்று மண்டி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே வெறும் ஈரம். கறுப்பு ஏறியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இவ்வளவும் மண்டி அக்கா. மூண்டில ஒரு பங்கைத் தாண்டிட்டுது, இனி வைச்சிருக்கக் கூடாது" என்றார் தம்பி. தாங்கியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மண்டி ஏறினால் எடுத்துவிட வேண்டுமாம். சாதாரண வீட்டுக்கு மூன்று தொடக்கம் ஐந்து வருசத்தில் அந்த நிலை வரும். எங்களைப் போன்ற கடைக்கு அவ்வளவு காலம் தாங்காது.

ஏன் அளக்கவேண்டும்? தாங்கிக்குள் வருகிறதில் கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர்தான் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கு இறங்கும். மண்டி கூடினால் நடுத் தண்ணீருக்கு இடம் குறையும். பிறகு மண்டியும் சேர்ந்து உறிஞ்சுகுழிக்கு ஓடி, அங்குள்ள மண்ணை அடைக்கும். உறிஞ்சுகுழி அடைத்தால் பவுசர் வந்தும் பயனில்லை, வேறு குழி வெட்டத்தான் வேண்டும்.

உழவு இயந்திரத்தில் பூட்டிய கலித் தாங்கியோடு வருகிற சிலர் மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் இலகுவில் ஏறும், மண்டி ஏறாது. லோட் நிரம்பிவிட்டது, காசைத் தாருங்கள் என்பார்கள். ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் பழையபடி கொமட் நிற்கும். நீலப் பவுசர்க்காரர் முதலில் கொஞ்சம் உறிஞ்சி, அதிலேயே ஒரு பங்கைத் திருப்பி வேகமாக உள்ளே அடித்து மண்டியைக் கலக்குகிறார்கள். நீண்ட கம்பியால் மூலைகளைக் கிளறுகிறார்கள். அப்புறம்தான் முழுவதையும் எடுக்கிறார்கள். அடியில் சிறிதளவு விடுவார்கள். கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன, புதுக் கழிவில் அவை திரும்பப் பெருகவேண்டும். இதே காரணத்துக்காகத்தான் கொமட்டுக்குள் அசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அள்ளிக் கொட்டவேண்டாம் என்றும் சொன்னார்கள். நான் இப்போது சவர்க்காரத் தண்ணீரும் தும்புத்தடியும்தான்.

முடிந்ததும் ஹோஸ் பைப்பைத் தூக்கிப் பிடித்து, உள்ளே நிற்கிறதைப் பவுசருக்குள் வடியவிட்டுத்தான் கழற்றுகிறார்கள். சிந்தின இடத்தில் சுண்ணாம்புத் தூள். இது சின்ன விசயம்தான். ஆனால் கடை முற்றத்தில் அடுத்த அரைமணித்தியாலத்தில் சனம் சோறு சாப்பிடப் போகிறது.

குசினிப் பைப்பும் அதே தாங்கிக்குள் விழுவதைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். பொரித்த எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, கஞ்சித் தண்ணீர் எல்லாம் உள்ளே போய் மேலே தடித்த ஆடையாகப் படிந்திருந்தது. குசினிக்கு வெளியே தனியாக ஒரு கொழுப்புத் தொட்டி கட்டச் சொன்னார்கள். மேசனுக்குப் படம் கீறியும் கொடுத்தார்கள். இப்போது எண்ணெய் அதில் மிதக்கிறது, கிழமைக்கு ஒருமுறை வழித்து எடுத்துவிடுகிறோம். இதனால் அவர்களுக்குத்தான் நட்டம், இனி அவர்களை அடிக்கடி கூப்பிடத் தேவையில்லை. தெரிந்துகொண்டே சொன்னார்கள்.

இனி அவர்கள் தருகிற துண்டைப் பற்றி. காசு கொடுக்கிறபோது பற்றுச்சீட்டு தருகிறார்கள். அதைவிட, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ இன்னொரு துண்டின் படம் வாட்ஸ்அப்பில் வரும். கழிவு சுத்திகரிக்கிற இடத்தின் வாசலில் எழுதிக் கொடுத்தது. எத்தனை லீற்றர், எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, யார் பொறுப்பெடுத்தது என்று அதில் இருக்கும். இப்படி ஒரு துண்டை வேறு எவரும் எனக்குத் தந்ததில்லை.

துண்டை மட்டும் நம்பாமல் போய்ப் பார்க்கலாமோ என்று கேட்டேன். "வாங்கோ அக்கா, ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு" என்றார் தம்பி. மகனோடு மோட்டார் சைக்கிளில் பவுசருக்குப் பின்னால் போனேன்.

காட்டோரம் கம்பிவேலி போட்ட இடம். நான் நினைத்துப் போன அளவுக்கு நாற்றம் இல்லை, பவுசர் திறக்கிற இடத்தில் மட்டும்தான் மூக்கைப் பொத்தவேண்டியிருந்தது. ஊற்றுகிற வாயில் இரும்புக் கம்பித் தட்டி. அதில் தங்குவதை அங்கே பொறுப்பாக இருக்கிற ஐயா முள்ளுக்கரண்டியால் இழுத்து எடுக்கிறார். ஷாம்பூப் பைக்கற், பல்தூரிகை, பழந்துணி, அணையாடை. எங்கள் கடைக் கழிவிலிருந்து வந்ததும் அதற்குள் கிடந்திருக்கும். மூடி போட்ட வாளியை மலசலகூடத்துக்குள் வைத்தால் அந்த அணையாடைகள் கொமட்டுக்குள் போகாது. திரும்பி வந்த அன்றே வாளி வைத்தேன்.

தட்டியைத் தாண்டினது மூடின தொட்டிக்குள் போய்ப் படிகிறது. படிந்த மண்டி, மணலும் சல்லியும் பரப்பின பாத்திகளுக்கு. தண்ணீர் கீழே வடிய, வெயிலில் மேலே உள்ளது காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். எங்கள் வன்னி வெயில் இந்த ஒரு வேலைக்கு நல்ல உதவி. காய்ந்ததைத் தோட்டத்துக்கு எடுக்கலாமோ என்று கேட்டேன். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது நாங்கள் பசளைக்கு அலைந்த அலைச்சல் மனதில் இருந்தது. ஐயா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். ஆட்களின் குடலில் வாழ்கிற வட்டப்புழுவின் முட்டை காய்ந்த மண்ணிலும் மாதக்கணக்கில், சிலவேளை வருசக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். குப்பைகூளத்தோடு சேர்த்துக் குவித்து, உள்ளே நன்றாகச் சூடேறி உக்கின பிறகுதான் தொடலாம். அப்போதும் கீரைக்கும் கரட்டுக்கும் போடவேண்டாம், தென்னைக்கும் மரங்களுக்கும் போடுங்கள் என்றார்.

வடிந்த தண்ணீரின் பாதை வேறு. சுவர் வைத்துத் தடுத்த அறைகளுக்குள் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிறது. அங்கே காற்று இல்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அப்புறம் சல்லிப் படுக்கை, அதில் ஆளுயரத்துக்குச் சம்புப் புல். வேருக்குள்ளால் வடிந்து கடைசியாக ஆழமில்லாத ஒரு குட்டைக்கு வருகிறது. வெயிலில் கிடக்கக் கிடக்கக் கிருமி சாகும். குட்டையின் ஓரத்தில் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக் காட்டினார் ஐயா. பச்சைத்தன்மை கொஞ்சம் இருந்தது, மற்றும்படி தெளிவு. நாற்றம் இல்லை. அதைக் குடிக்கவோ குளிக்கவோ சொல்லவில்லை, வெளியே விடலாம் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்குக்கு அளவு இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த நியமப்படி, ஆற்றிலோ குளத்திலோ விடுகிற கழிவுநீரில் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் படியாமல் தொங்கி நிற்கிற திண்மங்கள் 50 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும். மலக் கோலிபோர்ம் கிருமிக்கும் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். பி.ஓ.டி. என்றால், தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பது. மலக்குழியிலிருந்து எடுத்த கலியில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வெக்கையில் ஆற்றுத் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு 7, 8 மில்லிகிராம்தான். கலியின் பி.ஓ.டி.யை 5000 என்று வைப்போம். ஒரு லீற்றர் கலி ஆற்றில் விழுந்தால் 600 லீற்றருக்கு மேல் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை முழுவதும் குடித்துவிடும். ஒரு பவுசர் 4000 லீற்றர். அப்படியானால் 24 லட்சம் லீற்றர் தண்ணீரில் மீன் மூச்சுவிட வழியில்லை. இது ஒரே ஒரு பவுசர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் இது உண்மையாகவே நடக்கிறது. என்னிடம் முதலில் வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவரிடம், "தம்பி, இதை எங்கை ஊத்துறனீங்கள்?" என்று கேட்டேன். "அதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ" என்றார். யோசித்தபடியால் அவரை அனுப்பிவிட்டேன். பிறகு ஒருநாள் எங்கள் கடைக்கு நெல் தருகிற அண்ணை விடியப்புறம் வயலுக்குப் போகையில், காட்டு ரோட்டில் மதகுக்குப் பக்கத்தில் கலி ஊற்றிக் கிடப்பதைக் கண்டு வந்து சொன்னார். ரயர் அடையாளம் ரோட்டிலிருந்து மதகுவரைக்கும் இருந்ததாம். யார் என்று அவர் காணவில்லை, நானும் எவரையும் சொல்லவில்லை. ஆனால் அந்த மதகுக்குள்ளால் ஓடுகிற நீரோடை கனகராயன் ஆற்றுக்குத்தான் போகிறது.

கனகராயன் ஆறு வருசம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. கோடையில் மணலும் இடையிடையே மடுவும்தான். மாடுகள் அந்த மடுவில்தான் குடிக்கும். சனம் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறதும் உண்டு. பெரிய ஆற்றில் விழுந்தால் கொஞ்சம் என்றாலும் கரைந்து ஐதாகும், எங்கள் ஆற்றில் ஐதாக்கத் தண்ணீர் இல்லை. கோடை முழுக்கக் காட்டிலும் மதகிலும் ஊற்றினது அப்படியே காய்ந்து கிடந்து, ஐப்பசியில் முதல் மழைக்கு ஒரேயடியாக எழும்பிப் போகும். போகிற இடம் இரணைமடு.

இரணைமடு நூறு வருசப் பழைய குளம். கிளிநொச்சியின் வயல் அதில்தான் விளைகிறது. அதில் மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அதன் வாய்க்காலில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா விடுவதா என்று எத்தனை வருசம் இழுபட்டது! கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைக் கட்டி 2024 இல் திறந்தார்கள். எவ்வளவு தண்ணீர் யாருக்கு என்று சண்டை பிடித்த அளவுக்கு, குளத்துக்குள் மேலே இருந்து என்ன வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. 2018 மார்கழியில் குளம் மேவி, வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படியான வெள்ளத்தில் மலக்குழியும் கிணறும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கண்டியில் மகாவலியைக் காப்பாற்றவென்று நகரத்துக்குக் கழிவுக் குழாய் பதித்து, கன்னொறுவையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். கொழும்பில் வெள்ளைக்காரர் காலத்துக் குழாய்களே இன்னமும் ஓடுகின்றன. இலங்கை முழுவதையும் எடுத்தாலும் கழிவுக் குழாயோடு தொடுத்த வீடுகள் சொற்பம். எங்கள் ஊர்களுக்கு அந்தக் குழாய் எப்போது வருமோ. அதுவரைக்கும் இந்தப் பவுசர்தான் எங்களுக்குக் கழிவுக் குழாய். அதன் மறுநுனி எங்கே திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒரு லோட்டுக்கு உழவு இயந்திரக்காரரை விட 2000 ரூபா கூடக் கேட்கிறார்கள். சுத்திகரிக்கிற இடத்துக்குக் கட்டுகிற கட்டணமும் அவ்வளவு தூரம் ஓடுகிற டீசலும் அதற்குள் இருக்கிறபடியால் எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் இரண்டு கொமட் உள்ள சின்ன வீட்டுக்கு அது பெரிய காசு. வீட்டுத்திட்டத்தில் மலசலகூடம் கிடைத்த குடும்பங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் கூட. அயலில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் குறைக்கலாமோ என்று கேட்டுப் பார்த்தேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். இதைச் செய்தே ஆகவேண்டும். காசு இல்லாதவர்கள் மதகில் ஊற்றுகிறவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

போன் ஒரு நம்பர்தான். வேலையில் நிற்கும்போது எடுக்கமாட்டார்கள், திரும்பி எடுக்கவும் மறந்துவிடுவார்கள். செய்தி போட்டு வைப்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். நிலத்துத் தண்ணீர் ஏறி எல்லாருடைய குழியும் ஒரே நேரத்தில் நிற்கிற காலம் அது. சேற்றுப் பாதைக்குள் பாரமான பவுசரை இறக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இருவர் கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் போட்டிருந்தார்கள். மூன்றாவதாக வந்த இளம் பிள்ளையிடம் கையுறை மட்டும்தான், காலில் ரப்பர்ச் செருப்பு. முதலாளியிடம் கேட்டேன், புதிதாகச் சேர்ந்தவர், ஓடர் கொடுத்திருக்கிறோம் என்றார். அடுத்த தரம் வந்தபோது அந்தப் பிள்ளையின் காலில் பூட்ஸ் இருந்தது, முகக்கவசம் இல்லை. திரும்பவும் சொன்னேன். நீங்கள் கூப்பிட்டால் நீங்களும் கேளுங்கள். வேலை முடிந்து கைகழுவ நல்ல சவர்க்காரமும், இருந்து குடிக்க ஒரு தேத்தண்ணியும் கொடுங்கள். எங்கள் கடையில் அவர்கள் மற்ற வாடிக்கையாளரோடு ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிடுகிறார்கள். ஒருவர் முகம் சுளித்தார், அவருக்குப் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிரதேச சபைகளிடமும் கலி பவுசர் இருக்கிறது, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. உங்கள் சபையில் வசதி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். ஆனால் அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள், துண்டையும் கேளுங்கள். காட்டில் ஊற்றுவதைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சபையிலும் சொல்லலாம், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் முறையிடலாம். வாகன இலக்கத்தோடு ஒரு படம் இருந்தால் நல்லது. நெல் அண்ணை இப்போது போனை மடியில் வைத்துக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மலக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அந்தக் கடிதத்தைக் காசு மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்குக் காட்டலாம்.

கூப்பிட நினைக்கிறவர்கள் ஆவணி, புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள். தாங்கியின் மூடி மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் முதல் நாளே கிண்டி வையுங்கள், அவர்கள் தேடித் திரிகிற நேரம் மிச்சம். வளவுக்குள் பவுசர் வரமுடியாவிட்டால் ரோட்டிலிருந்து தாங்கிவரைக்கும் எத்தனை அடி என்று அளந்து சொல்லுங்கள். ஹோஸ் பைப் நீளம் கூடினால் கட்டணமும் கூடும், 100 அடிக்கு மேலே அவர்களிடம் பைப் இல்லை. நம்பர் வேண்டுமென்றால் கடைக்கு வந்து கேளுங்கள், எழுதித் தருகிறேன்.